பூண்டிக்குப் போன நான்கு நாள்கள்

ஜனவரி 21, செவ்வாய்: கீழ்ப்பாக்கம், புழல், சோழவரம்

என் பாட்டி பிறந்த ஊர் இப்போது இல்லை. பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போன சிற்றூர்களில் அதுவும் ஒன்று. அப்போது பாட்டிக்குப் பன்னிரண்டு வயது. பிறகு புரசைவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த அவர், விடியற்காலையில் தெருக்குழாயில் தண்ணீர் விட்டதும் முதல் சொம்பைப் பிடித்து நின்றபடியே குடித்து, “எங்க ஊர்த் தண்ணி” என்று சொல்லிவிட்டுத்தான் குடத்தை வைப்பார். சிறுமியாக இருந்த எனக்கு அது வெறும் வாய்ப்பழக்கமாகவே பட்டது. பாட்டி போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்த என் அத்தை, வடை சுட்டுக்கொண்டே, “அம்மா சொன்ன எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாமா?” என்று கேட்டார். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. தம் தாய் பிறந்த ஊர்ப்பக்கம் அவர் ஒரு முறைகூடப் போனதில்லை.

காரில் போனால் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடக்கூடிய தொலைவுதான். ஆனால் எங்கள் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறதோ, அதே வழியில் எதிர்த்திசையாகப் போய்ச் சேர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அத்தை மறுக்கவில்லை. முழங்கால் வலிக்குத் தைலமும் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களும் எடுத்துக்கொண்டு காலை ஆறரை மணிக்குக் கிளம்பினோம்.

முதலில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம். உள்ளே போக முன்அனுமதி வேண்டும் என்பதால் வெளிச்சாலையில் நின்றே செங்கல் கட்டடங்களைப் பார்த்தோம். 1914இல் மணல் வடிகட்டிப் படுகைகளோடு இது இயங்கத் தொடங்கிய பிறகுதான் சென்னைவாசிகளுக்கு வடிகட்டிய நீர் குழாயில் கிடைத்தது. அதற்கு முன்பு, 1872 முதல், புழல் ஏரியிலிருந்து திறந்த மண் வாய்க்காலில் வந்த நீர் வடிகட்டப்படாமலே ஊருக்குள் போயிற்று. அதற்கும் முன்னால், 1772 முதல், ஏழுகிணறு என்ற கிணற்றுத் தொகுதி புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்தது. மற்றவர்கள் வீட்டுக் கிணற்றையும் கோயில் குளத்தையும் நம்பி இருந்தார்கள்.

செங்குன்றத்தில் இறங்கியபோது மணி எட்டரை. தை மாதப் பனி இன்னும் விலகாமல், புழல் ஏரி எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. கரைமேல் ஏற முயன்ற எங்களைக் காவலர் ஒருவர் தடுத்தார். தடுத்த விதம் இன்னும் மனத்தில் நிற்கிறது. குரல் உயர்த்தாமல், “கரை மேல ஏற விடறதில்லைங்கம்மா, குடிக்கிற தண்ணி பாருங்க” என்று சொல்லிவிட்டு, தம் பிளாஸ்டிக் நாற்காலியை வேலியோரமாக நகர்த்திப் போட்டு அத்தையை உட்காரச் சொன்னார். அங்கிருந்தே அரை மணி நேரம் பார்த்தோம். பனி விலக விலகத் தண்ணீருக்குள் நிற்கும் பழைய மதகுக் கோபுரம் முதலில் தெரிந்தது. அதைச் சுற்றி நீர்க்காகங்கள் முங்கி எழுந்தன. அப்பால் கூழைக்கடாக்கள் நான்கைந்து அசையாமல் மிதந்தன.

இந்த ஏரியின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஆழமோ நிறைந்திருக்கும்போதுகூட 21 அடிதான். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தும், கண்ணால் பார்த்தபோது எனக்குத் துணுக்கென்றது. நகரத்தின் குடிநீர் என்றால் இரண்டு மலைகளுக்கு நடுவில் ஆழமாகத் தேங்கிய ஒன்றைத்தான் என் மனம் இதுவரை கற்பனை செய்திருந்தது. இதுவோ ஒரு தாம்பாளத்தில் ஊற்றி வைத்த நீர். வெயில் முழுவதும் அதன்மேல்தான் விழுகிறது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் இந்தத் தாம்பாளம் காய்ந்து வெடித்ததையும், ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்ததையும் அத்தையிடம் நினைவுபடுத்தினேன். “அந்த வருஷம் ரெண்டு கொடத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து நின்னோம்” என்றார் அத்தை. அவர் வரிசையில் நின்ற தெருவுக்கு லாரி மூன்று நாளுக்கு ஒரு முறைதான் வந்தது.

புழல் ஏரியை யாரும் குடிநீருக்காக வெட்டவில்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய ஏரி இது. சோழவரமும் அப்படியே, செம்பரம்பாக்கமும் அப்படியே. 1866இல் ஃபிரேசர் என்ற பொறியாளர் வகுத்த திட்டத்தின்படி, கொசஸ்தலை ஆற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்துச் சோழவரத்துக்கும், அங்கிருந்து புழலுக்கும், புழலிலிருந்து நகரத்துக்கும் திருப்பினார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாகவே ஓடிவரும்படி அமைத்தது அந்த ஏற்பாட்டின் அழகு. ஏரிக்கரைக் கிராமங்களின் பாசன ஏரிகள் ஒவ்வொன்றாக ஊருணி ஆயின. இதைப் படிக்கும்போது எனக்கு உறைக்கவில்லை. செங்குன்றத்தில் தெருவுக்குத் தெரு அரிசி ஆலைகளையும் நெல் மூட்டை ஏற்றி நிற்கும் லாரிகளையும் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆலைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. நெல் எங்கெங்கிருந்தோ வருகிறது.

ஆலைத் தெரு முனையில் இருந்த சிற்றுண்டிக் கடையில் நான்கு இட்லியும் ஒரு வடையும் ஐம்பது ரூபாய். சாம்பாரில் முருங்கைக்காயைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் சாப்பிடும் கடை என்பதால் சட்னியைக் கேட்காமலே மறுபடியும் மறுபடியும் ஊற்றினார் பரிமாறியவர்.

சோழவரத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. புழலோடு ஒப்பிட்டால் சிறிய ஏரி. கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. அத்தைக்கு அந்த ஊர் வேறொரு காரணத்தால் பழக்கம். போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுபாதையில் முன்பு மோட்டார் பந்தயங்கள் நடந்ததையும், மாமா ஒவ்வொரு ஆண்டும் நண்பர்களோடு ஸ்கூட்டரில் போய்விட்டு முகமெல்லாம் புழுதியாகத் திரும்பியதையும் வழிநெடுக சொல்லிக்கொண்டு வந்தார். மாலையில் வீடு திரும்பினோம். அத்தையின் முழங்கால் வீங்கியிருந்தது.

ஜனவரி 22, புதன்: தாமரைப்பாக்கம்

வீக்கம் வடிந்துவிட்டது என்று அத்தை சாதித்ததால் ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். செங்குன்றத்திலிருந்து திருவள்ளூர் போகும் பேருந்தில் தாமரைப்பாக்கம் கூட்டுச்சாலையில் இறங்க வேண்டும். நடத்துநரிடம் “அணைக்கட்டுக்குப் பக்கத்துல இறக்கி விடுங்க” என்று நான் கேட்டது தவறாகப் போயிற்று. அவர் வேறெதையோ நினைத்துக்கொண்டு எங்களை இரண்டு நிறுத்தம் தள்ளி இறக்கிவிட்டார். திரும்பி நடக்கும்போது என் செருப்பின் வார் அறுந்தது. அந்தச் சாலையில் செருப்புத் தைக்கிறவர் யாரும் இல்லை. வாழைத்தோப்பில் இலை அறுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பை வாங்கி, காய்ந்த வாழைநாரை முறுக்கி வாரின் இடத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அந்த நார் பயணம் முடியும்வரை அறுந்துபோகவே இல்லை. காசு நீட்டியபோது, “நாருக்குக் காசா வாங்குவாங்க?” என்று கேட்டுவிட்டு, எங்கே போகிறோம் என்று விசாரித்துத் தாமும் உடன் நடந்தார்.

ஆற்றைக் குறுக்கே மறித்த அந்தப் பழைய கட்டுமானம் உயரமானதல்ல. மழைக்காலம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தும் அதன் முதுகின்மேல் மெல்லிய கண்ணாடித் தகடுபோல் நீர் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நுரை. நுரையோரம் மூன்று சிறுவர்கள் தூண்டில் போட்டிருந்தார்கள். பாறைமேல் ஒரு பெண் போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். மேல்பக்கம் கரையோரமாகப் பிரியும் வாய்க்காலைப் பெரியவர் காட்டினார். அதுதான் சோழவரம் போகும் வழி. “நீங்க குடிக்கிறது இங்க திரும்புதும்மா” என்று அவர் கைநீட்டிய இடத்தில் நீர் சத்தமில்லாமல் வலப்பக்கம் வளைந்து போயிற்று.

கொசஸ்தலை ஆற்றைப் பற்றி நகரத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. கூவத்தையும் அடையாற்றையும் எல்லோருக்கும் தெரியும். குடிக்கத் தண்ணீர் தருகிற ஆற்றின் பெயரைக் கேட்டால் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூர்க் கழிமுகத்தில் கடலில் சேரும் ஆறு இது. கேசவரம் அணைக்கட்டில் இதிலிருந்து பிரிவதுதான் கூவம் என்பதை நானே இந்தப் பயணத்துக்காகப் படித்தபோதுதான் அறிந்தேன்.

பெரியவர் தம் சிறுவயதில் ஆற்றுமணலைக் கையால் தோண்டி ஊற்று எடுத்துக் குடித்ததைச் சொன்னார். மணல் போன பிறகு கிணறுகள் இறங்கிவிட்டன என்றார். அவர் குரலில் கோபம் இருந்ததா என்று கவனித்தேன், தெரியவில்லை. பட்டணத்துக்குத் தண்ணீர் போவதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்கத் தயக்கமாக இருந்தும் கேட்டேன். சற்று நேரம் ஆற்றைப் பார்த்துவிட்டு, “ஜனங்க குடிக்கணும் இல்ல? ஆனா இங்கேந்து போகுதுன்னு ஒரு வார்த்த தெரிஞ்சு வெச்சிக்கிட்டா போதும்” என்றார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. வாழைக்குலை விலையைப் பற்றிப் பேசினார்.

இரவு திருவள்ளூரில் தங்கினோம். அறை வாடகை தொள்ளாயிரம் ரூபாய். வெந்நீர் உண்டு என்று சொல்லியிருந்தார்கள், வரவில்லை. குழாயில் வந்த நீர் உப்புக் கரித்தது. சோப்பு நுரைக்கவே இல்லை. தெருமுனை வண்டிக் கடையில் கல்தோசையும் வடகறியும் சாப்பிட்டோம். தோசை சுடுகிற பெண், அத்தை இடது காலை ஊன்றாமல் நிற்பதைக் கண்டு, கடைக்குள் இருந்த அரிசிச் சாக்கின்மேல் துணி விரித்து உட்காரவைத்தார்.

ஜனவரி 23, வியாழன்: பூண்டி

திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குப் போகும் சாலையில் காலை ஏழரை மணிக்கு ஆட்டோவில் போனோம். இருபுறமும் நெற்பயிர் பால் பிடித்து நின்றது. அத்தை வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தார். அணை கண்ணில் பட்டதும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.

பூண்டி அணையின் கதையில் சத்தியமூர்த்தியின் பெயர் பிரிக்க முடியாதது. 1939இல் சென்னை மேயரான அவர், நகரத்துக்குப் புழல் மட்டும் போதாது என்று கண்டு, உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஆங்கிலேய அரசிடம் வாதாடி இதற்கு ஒப்புதல் பெற்றார். 1940இல் அடிக்கல் நாட்டினார்கள். 1943 மார்ச்சில் அவர் காலமாகிவிட்டார். 1944இல் வேலை முடிந்து, அவர் பெயரிலேயே சத்தியமூர்த்தி சாகர் ஆயிற்று. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2 கோடியே 83 லட்சம் லிட்டர். நகரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆவியாவதையெல்லாம் கணக்கில் எடுக்காமல், இந்த ஏரி ஒன்றே மூன்று மாதத்துக்குக் குடிநீர் தரும். ஆனால் இது தன்னிடம் வைத்துக்கொள்வதற்காகக் கட்டப்பட்டதல்ல. வாங்கி அனுப்புவதற்காகக் கட்டப்பட்டது. ஒரு கால்வாய் சோழவரத்துக்கும் புழலுக்கும் போகிறது, இன்னொன்று செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. மழை மிஞ்சினால் பதினாறு மதகுகள் வழியாக ஆற்றிலேயே திறந்துவிடுகிறார்கள்.

அன்று மதகுகள் மூடியிருந்தன. இரும்புக் கதவு ஒன்றின் அடிவிளிம்பில் மட்டும் நீர் கசிந்து, பாசி படர்ந்த சுவரில் விரல் அகலத்துக்கு ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்தில் ஒரு நாரை நின்றது. மறுபக்கம் பார்த்தால் காற்றில் சிற்றலைகள் கரைக்கல்லில் வந்து வந்து அடித்தன. நான் அளவு, ஆண்டு என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தபோது, அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, “இதுல எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பாட்டி ஊரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அது எந்தத் திசையில் இருந்தது என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவரிடம் பெயரைச் சொன்னேன். அவர் தம்மைவிட மூத்தவர் ஒருவரைக் கூப்பிட்டார். அந்த மூத்தவர் கண்ணைச் சுருக்கித் தண்ணீரைப் பார்த்து, தூரத்தில் ஒரு கருவேலங்கூட்டத்தைக் காட்டி, “அதுக்கும் இந்தக் கரைக்கும் நடுவுலன்னு எங்க அப்பா சொல்லுவாரு” என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. அத்தை அந்த இடத்தையே நெடுநேரம் பார்த்தார். பிறகு, கன்றுக்குட்டியைக் கூட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் சாமான் ஏற்றி வந்ததையும், வீட்டு வாசல்நிலையைப் பெயர்த்து எடுத்து வந்து புதிய வீட்டில் வைத்ததையும் பாட்டி சொல்லக் கேட்டதை எனக்குச் சொன்னார். அந்த வாசல்நிலைக் கதையை இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டதே இல்லை.

ஊரோடு கோயிலும் இடம் மாறியது. திருவெண்பாக்கம் என்று தேவாரத்தில் பாடப்பெற்ற தலம் நீர்த்தேக்கத்துக்குள் போனதால், ஊன்றீஸ்வரர் கோயிலைப் பெயர்த்துவந்து மேட்டில் கட்டியிருக்கிறார்கள். திருவொற்றியூரில் தாம் மணந்த சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கண்பார்வை இழந்த சுந்தரர், தட்டுத்தடுமாறி இங்கே வந்தபோது இறைவன் ஊன்றுகோல் கொடுத்தார் என்பது தலவரலாறு. பார்வை கேட்டவருக்குக் கோலைக் கொடுத்தால் கோபம் வராதா? அந்தக் கோலை அவர் வீசியெறிய, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறார்கள். கொம்பு ஒடிந்த நந்தி அங்கே இருக்கிறது. குருக்கள் விளக்கைத் தூக்கிக் காட்டியபோது, ஒடிந்த இடம் பல பேர் தொட்டுத் தொட்டு எண்ணெய்ப் பளபளப்பு ஏறியிருந்தது. அம்மன், மின்னலாகத் தோன்றி வழிகாட்டியவள். அத்தை ஊன்றுகோல் ஊன்றி நிற்கும் சுந்தரர் முன்னால் தம் முழங்காலுக்காக வேண்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

அதே பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த பிறகு, அதே ஆண்டில் இந்தப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. அங்குள்ள மிகப் பழைய கருவிகள் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கண்ணாடிக்குள் வைத்திருந்த ஒரு கோடரியைக் குனிந்து பார்த்தேன். வாதுமைக்கொட்டை வடிவம், இருபுறமும் செதுக்கிய விளிம்பு, கட்டைவிரல் படியும் இடத்தில் மட்டும் செதுக்காமல் விட்ட மொழுமொழுப்பு. இந்த ஆற்றங்கரையில் கல்லும் தண்ணீரும் பக்கத்திலேயே கிடைத்ததால் வந்து தங்கிய மனிதர்களின் கைவேலை அது.

பிற்பகல் வெயில் தை மாதத்துக்கு அதிகமாகவே இருந்தது. போத்தல்கள் காலி. எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துவிட்டுக் கைகழுவத் திரும்பியபோது ஒரு குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அத்தை பதறியதில் ஊறுகாயும் கீழே கொட்டிற்று. அணைப்பக்கத்துக் கடையில் மசாலா தடவிப் பொரித்த ஜிலேபிக் கெண்டை ஒரு தட்டு நூறு ரூபாய் என்றார்கள். மீன் புதியது, தோல் மொறுமொறுப்பாகவும் உள்ளே பூப்போலவும் இருந்தது. ஆனால் காரத்துக்குத் தண்ணீர் வேண்டும். அந்தக் கடையில் விற்ற போத்தல்கள் தீர்ந்திருந்தன.

கரைக்குக் கீழே இருந்த ஒரு வீட்டின் வாசலில் நின்று கேட்டோம். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் எங்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, கொல்லைக் கிணற்றில் அப்போதே ஒரு வாளி இறைத்து, துணியில் வடிகட்டி, செம்பில் கொண்டுவந்தார். அத்தை அண்ணாந்து குடித்துவிட்டு, நிறுத்தி, மறுபடியும் குடித்தார். “அணைத் தண்ணியாம்மா?” என்று நான் கேட்டேன். “இல்லங்க, கெணத்துத் தண்ணிதான். ஏரி நிறைஞ்சா எங்க கெணறும் நிறையும், ஏரி வத்துனா இதுவும் எறங்கிடும்” என்றார் அவர். போத்தல்கள் இரண்டையும் நிரப்பிக் கொடுத்து, வழியில் தின்ன ஒரு கை வேர்க்கடலையும் பொட்டலம் கட்டித் தந்தார். பாட்டி சொல்லி வந்த அந்தச் சொல்லை அத்தை அங்கே சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை, செம்பைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்தார்.

ஜனவரி 24, வெள்ளி: ஊத்துக்கோட்டை

நேற்றே திரும்பியிருக்கலாம். பூண்டிக்கும் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறதல்லவா என்று அத்தையே கேட்டதால் ஒரு நாள் கூடியது. ஆற்றில் வரும் மழைநீரை மட்டும் நம்பினால் நகரம் பிழைக்காது என்று தெரிந்த பிறகு, 1976இல் மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் கிருஷ்ணா நீரில் தத்தம் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி) வீதம் சென்னைக்குத் தர ஒப்புக்கொண்டன. 1983இல் அதற்கான கால்வாய்த் திட்டத்துக்கு ஆந்திரத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டது. வழியில் ஆவியாகும் 3 டி.எம்.சி. போக 12 டி.எம்.சி. எல்லையில் வந்து சேர வேண்டும். ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4 என்பது ஏற்பாடு. 1996இல்தான் முதல் நீர் எல்லையைத் தொட்டது. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் ஓடிவரும் கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தை ஜீரோ பாயிண்ட் என்கிறார்கள். அங்கிருந்து பூண்டிக்கு இன்னும் 25 கிலோமீட்டர்.

சீத்தஞ்சேரி வழியாக ஊத்துக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். பேச்சில் தெலுங்கு கலந்துவிட்டது. சாப்பாட்டுக் கடையில் இலை போட்டு முதலில் பருப்புப் பொடியும் நெய்யும், பிறகு புளிச்சகீரைத் துவையலும் வைத்தார்கள். நூற்று இருபது ரூபாய்க்கு நிறைவான சாப்பாடு. மோரில் பெருங்காயம் மணத்தது. இரண்டாவது முறை சாதம் வேண்டாம் என்ற அத்தையிடம், “பத்தியமா அம்மா?” என்று கடைக்காரர் அக்கறையோடு கேட்டுவிட்டுச் சோறு குழைய ரசத்தை ஊற்றி அரைக்கரண்டி வைத்தார்.

கால்வாயில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுபோல் அகலமாக, ஆனால் ஆற்றின் வளைவுகள் ஏதுமில்லாமல், சிமெண்டுச் சரிவுகளுக்கு நடுவில் ஒரே நேர்க்கோடாக வந்தது. வேகமும் ஒரே சீராக இருந்தது. பழைய ஆற்றின் கரையில் நான்கு நாளாக நடந்து பழகிய கண்ணுக்கு அது வேறு வகை நீராகத் தெரிந்தது. எத்தனை ஊர் வயல்களைத் தாண்டி, எத்தனை பேர் கைபோடாமல் விட்டதால் இது இங்கே வருகிறது என்று நினைத்தபோது, வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் என் பழக்கம் எனக்குக் கசந்தது.

சரிவில் அடிக்கணக்கு எழுதிய அளவுப்பலகை பதித்திருந்தது. மூன்று மணியளவில் ஒருவர் மிதிவண்டியில் வந்து இறங்கி, கைப்பிடியைப் பிடித்தபடி நாலைந்து படி கீழே இறங்கிக் குனிந்தார். அலை அடங்கும்வரை காத்திருந்து, பலகையில் நீர் தொடும் கோட்டைப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து எடுத்த சிறு நோட்டில் எழுதினார். ஒரு முறை எழுதியதை உறுதி செய்துகொள்ள மறுபடியும் குனிந்தார். காலையிலும் மாலையிலும் இதுதான் தம் வேலை என்றும், இந்த எண்ணை வைத்துத்தான் நொடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று கணக்கிடுகிறார்கள் என்றும் சொன்னார். தண்ணீர் அழுக்கில்லாமல் இருக்கிறதே என்று அத்தை சொன்னதும், தம் வீட்டு முற்றத்தைப் பாராட்டிவிட்டதுபோல் அவர் முகம் மலர்ந்தது.

“இது எப்ப பூண்டி போய்ச் சேரும்?” என்று அத்தை கேட்டார்.

“ராத்திரி ஆயிடும்மா.”

“நாங்க இப்ப பஸ் ஏறப்போறோம்.”

“அப்ப நீங்கதான் முன்னாடி போவீங்க” என்று சொல்லிவிட்டு, அவர் நோட்டைப் பையில் வைத்து, மிதிவண்டியைக் கரைமேல் உருட்டிக்கொண்டு அடுத்த அளவுப்பலகைக்குப் புறப்பட்டார். அத்தை ஒரு வேர்க்கடலைத் தோலைக் கால்வாயில் போடப்போய், போடாமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.